மூன்று விரல் நுழையுமா?

எங்கள் ஊர் கொடைரோடு. கொடைக்கானல் போகிறவர்கள் விடியற்காலை ரயிலை விட்டு இறங்கி, சூடாக ஒரு காபி குடித்துவிட்டு பஸ் ஏறிப் போகிற ஊர். சீசனில் பன்னீர் திராட்சை கூடை கூடையாக வந்து இறங்கும். ஆயக்குடிக் கொய்யா தள்ளுவண்டியில் மலை மாதிரி குவிந்திருக்கும். இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, ஒரு முழுக் கொய்யாவைக் கடித்துத் தின்று பத்து வருஷமாகிறது என்று நான் சொன்னால் சிரிப்பீர்கள். கத்தியால் கீற்றுக் கீற்றாக நறுக்கித்தான் சாப்பிடுவேன். இட்லியைக்கூட விண்டு விண்டு, குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி வாயில் போட்டுக்கொள்வேன். காரணம், என் தாவாக்கட்டை.

தாடை என்று புத்தகத்தில் எழுதுகிறார்கள். எங்கள் பக்கம் தாவாக்கட்டைதான். அது சரியாகத் திறக்காது என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டதால், ஆபரேஷன் மேஜை வரைக்கும் போய், ஆபரேஷன் ஆகாமலே திரும்பி வந்தேன். உயிரோடு திரும்பினேனே, அது என் குழந்தைகள் செய்த புண்ணியம். நான் பட்ட பாடு இன்னொருத்தி படக்கூடாது என்றுதான் பேனாவை எடுத்தேன். நான் பத்தாவது வரை படித்தவள். வைத்தியம் தெரிந்தவள் அல்ல. டாக்டர்கள் எனக்குப் பொறுமையாக விளக்கியதையும், பிறகு நான் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும்தான் இங்கே எழுதுகிறேன்.

'டக்' என்று ஒரு சத்தம்

கல்யாணமான புதிதிலேயே எனக்கு அந்தச் சத்தம் உண்டு. கொட்டாவி விட்டால் காதுக்குப் பக்கத்தில் 'டக்' என்று கேட்கும். முறுக்கைக் கடித்தால் கேட்கும். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மதினி ஒரு நாள், "என்னடி, முறுக்கு ஒடியிற சத்தமா, உன் எலும்பு ஒடியிற சத்தமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்றிலிருந்து நாலு பேர் முன்னால் முறுக்கைத் தொடுவதில்லை.

பத்து வருஷம் முன்னால் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினேன். வெகுநேரம் வாயைத் திறந்தபடியே இருக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு சில நாளில் 'டக்' சத்தம் நின்றுபோனது. 'அப்பாடா, சனியன் விட்டது' என்று சந்தோஷப்பட்டேன். சத்தம் நின்ற அதே சமயம் வாய் முன்னைப்போலத் திறக்கவில்லை என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நாள் வலித்தது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். வலியும் போயிற்று. சின்ன வாயோடு வாழப் பழகிக்கொண்டேன்.

அது குணமான அடையாளம் அல்ல, மூட்டு சிக்கிக்கொண்ட அடையாளம் என்பது எனக்கு 2022-ல்தான் தெரிந்தது.

இரண்டு காதுக்கும் முன்னால், காதுத் துளைக்கு ஒட்டினாற்போல் ஆள்காட்டி விரலை வைத்து, வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். உள்ளே ஏதோ உருண்டு ஓடுகிறது தெரிகிறதா? அதுதான் தாடை மூட்டு. நம் முழங்கை மூட்டு கதவுக் கீல் மாதிரி மடங்கும், நீளும். தாடை மூட்டோ முதலில் கீல் மாதிரி சுழன்று, பிறகு முன்பக்கமாக வழுக்கிக்கொண்டும் போகும். இரண்டும் நடந்தால்தான் வாய் முழுதாகத் திறக்கும். நடுவே எலும்பும் எலும்பும் உரசாமலிருக்க மெத்தை மாதிரி ஒரு சிறு தட்டு இருக்கிறது. அந்தத் தட்டு இடம் நகர்ந்து, வாயைத் திறக்கும்போது மறுபடி தன் இடத்தில் வந்து விழுந்தால் 'டக்' என்று கேட்கும். திரும்பி வராமல் முன்னாலேயே நின்றுவிட்டால் சத்தம் இருக்காது, வாயும் திறக்காது. கதவுக்கு முன்னால் கல் கிடந்தால் கதவு எப்படிப் பாதியில் நிற்குமோ, அப்படி. எனக்கு நேர்ந்தது அதுதான்.

இந்தத் தொல்லை ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறதாம். பயந்துவிடாதீர்கள். சத்தம் மட்டும் கேட்கிறவர்களில் பெரும்பாலோருக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

நான் மறைத்த கதை

2022-ல் எனக்கு வலது விலாவுக்குக் கீழே சுருட்டிப் பிடிக்கிற மாதிரி வலி வர ஆரம்பித்தது. வடை, பஜ்ஜி சாப்பிட்ட ராத்திரி என்றால் விடிய விடியத் தூக்கம் கிடையாது. திண்டுக்கல்லில் ஸ்கேன் எடுத்தோம். பித்தப்பையில் கல். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். வயிற்றில் சின்னச் சின்னத் துளை போட்டு, கேமரா வைத்துப் பித்தப்பையை எடுத்துவிடுவார்கள், மூன்று நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

முதல் நாள் சாயங்காலம் மயக்க மருந்து டாக்டர் வந்தார். சின்ன வயசுப் பெண். ஒவ்வொன்றாகக் கேட்டார். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, இழுப்பு உண்டா, இதற்கு முன் ஆபரேஷன் ஆகியிருக்கிறதா, ஆடுகிற பல் உண்டா, கட்டின பல் உண்டா. கடைசியில், "வாயை நல்லாத் திறங்கம்மா" என்றார்.

திறந்தேன்.

"இன்னும் பெருசா."

"இவ்வளவுதான் டாக்டர். கூச்சமா இருக்கு."

"தாடையில வலி, சத்தம், பிடிச்சிக்கிறது... அந்த மாதிரி ஏதாவது இருக்காம்மா?"

அந்த அறையில் என் மாமியார் இருந்தார். என் நாத்தனாரும், எங்களைப் பார்க்க வந்த ஒரு தூரத்து உறவுக்காரம்மாவும் இருந்தார்கள். அந்த அம்மாதான் என் மகளுக்கு ஒரு வரன் கொண்டு வந்திருந்தவர். தாய்க்கு எலும்பில் கோளாறு என்று ஒரு வார்த்தை அவர் காதில் விழுந்தால், மகளுக்கும் வரும் என்று நாளைக்கே நாலு வீட்டில் பேச்சாகிவிடும். 'வாய்தானே, ஆபரேஷன் வயித்துலதானே' என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

டாக்டர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். தாளில் ஏதோ எழுதிக்கொண்டு போனார்.

மறுநாள் கண் விழித்தேன். தொண்டை கரகரவென்று இருந்தது. வயிற்றைத் தடவிப் பார்த்தேன். கட்டு இல்லை, தையல் இல்லை. ஒன்றும் புரியவில்லை. வெளியே கொண்டு வந்தார்கள். என் வீட்டுக்காரர் முகம் வெளிறிப் போயிருந்தது. "என்னாச்சுங்க?" என்றேன். பதில் சொல்லவில்லை, என் கையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். இருபத்திநாலு வருஷக் குடித்தனத்தில் நாலு பேர் பார்க்க அவர் என் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான்.

வயிற்று ஆபரேஷனுக்கு வாய் எதற்கு?

அன்று மாலை அந்த டாக்டரம்மா மறுபடி வந்தார். திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கிச் சொன்னார்.

முழு மயக்கம் என்பது சாதாரணத் தூக்கம் இல்லை. தூக்கத்தில் நாம் மூச்சு விடுகிறோம், எச்சிலை விழுங்குகிறோம், தொந்தரவு வந்தால் புரண்டு படுக்கிறோம். முழு மயக்கத்தில் இதெல்லாம் குறைந்துவிடும், நின்றும்விடலாம். நாக்கு தளர்ந்து பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கும். அதனால்தான் மயக்க டாக்டர் முதல் வேலையாகத் தாடையை முன்னால் தூக்கிப் பிடிக்கிறார். தாடை வந்தால் அதோடு ஒட்டிய நாக்கும் முன்னால் வரும், வழி திறக்கும். இந்த மாதிரி ஆபரேஷனில் வயிற்றுக்குள் வாயு ஏற்றி உப்பவைப்பார்கள், தசைகள் தளர மருந்தும் கொடுப்பார்கள். அப்போது நோயாளியால் தானாக மூச்சு விட முடியாது. வாய் வழியாக ஒரு கருவியைவிட்டு, குரல்வளையைப் பார்த்து, மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாயைச் செருகி, மெஷின் மூலம் மூச்சுக் கொடுக்க வேண்டும். அதற்கு வாய் திறந்தாக வேண்டும்.

"மயக்கம் குடுத்தா வாய் தானாத் தளர்ந்து திறந்துக்காதா டாக்டர்?" என்று கேட்டேன்.

"வலியாலயும், தசை இறுக்கத்தாலயும் மூடின வாய் அனேகமாத் திறந்துக்கும்மா. மூட்டே சிக்கியிருந்தா எந்த மருந்துக்கும் திறக்காது. உங்களுக்கு அப்படித்தான்."

முதல் நாள் என் பதிலில் அவருக்குச் சந்தேகம் இருந்ததாம். அதனால் கூடுதல் கருவிகளையும், இன்னொரு பெரிய டாக்டரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஆரம்பித்திருக்கிறார். வாய் திறக்கவில்லை. கேமரா வைத்த கருவியைக்கூட நுழைத்துத் திருப்ப இடம் போதவில்லை. நல்ல காலம், முகத்தில் மாஸ்க்கை அழுத்திப் பிடித்து ஆக்ஸிஜன் கொடுக்க முடிந்தது. திரும்பத் திரும்ப முயற்சி செய்தால் தொண்டை வீங்கி, மாஸ்க் மூலம் போகிற மூச்சும் அடைபட்டுவிடலாம். அதனால் நிறுத்தி, என்னை எழுப்பிவிட்டார்கள்.

"மாஸ்க்லயும் மூச்சுப் போகலைன்னா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"கழுத்துல துளை போட்டிருக்கணும். அதுக்கு நிமிஷக் கணக்குலதான் நேரம் இருக்கும்" என்றார் டாக்டரம்மா.

அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. என் மாமியார்தான் முதலில் வாயைத் திறந்தார். "ஏன்த்தா, எங்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். அந்தக் கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

விழித்தபடியே ஒரு குழாய்

தாடை அறுவை நிபுணர் ஒருவரிடம் அனுப்பினார்கள். பல் மருத்துவம் படித்து, அதற்கு மேல் முகம், தாடை ஆபரேஷனுக்கென்று தனியாகப் படித்தவர்கள் இவர்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்து, அளந்தும் பார்த்தார். பெரியவர்களுக்கு மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே சுமார் மூன்றரை முதல் ஐந்து சென்டிமீட்டர் வரை திறக்க வேண்டுமாம். எனக்கு இரண்டே கால் சென்டிமீட்டர்.

மூன்று வாரம் கழித்து மறுபடி தியேட்டருக்குப் போனேன். இந்தத் தடவை முதலில் மயக்கம் கொடுக்கவில்லை. விழித்திருக்கும்போதே மூக்கு வழியாகக் குழாயை வைத்துவிட்டு, பிறகுதான் தூங்கவைப்போம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். எச்சில் வற்ற ஒரு ஊசி. மூக்கிலும் தொண்டையிலும் மரத்துப்போகும் மருந்து. வேப்பங்கொழுந்தை அரைத்து ஊற்றின மாதிரி ஒரே கசப்பு. பிறகு தொண்டை இருப்பதே தெரியவில்லை. விழுங்க முடியவில்லையோ என்று ஒரு பயம். "பயப்படாதீங்க, மூச்சு நல்லாப் போகுது, மெதுவா இழுங்க" என்று ஒரு நர்ஸம்மா கையைத் தடவிக்கொண்டே இருந்தார். பென்சிலைவிட மெல்லிய, வளைகிற ஒரு கேமராக் குழாய் மூக்கு வழியாகப் போனது. இரண்டு மூன்று தடவை இருமினேன். "உள்ளே போயாச்சும்மா, இனிமே தூங்கலாம்" என்ற குரல்தான் கடைசியாகக் கேட்டது.

விழித்தபோது வயிற்றில் நாலு சின்னக் கட்டு. கல்லை ஒரு சீசாவில் போட்டுக் கொடுத்தார்கள். கடலைப்பருப்பு அளவில் ஏழு கல்.

அந்தக் குழாயின் கதையை டாக்டரம்மா பிறகு சொன்னார். வளைகிற கேமராக் குழாயை மூச்சுக்குழாய்க்கு வழிகாட்ட முதன்முதலில் பயன்படுத்தியவர் லண்டனில் பீட்டர் மர்ஃபி என்ற மயக்க மருத்துவர், 1967-ல். நோயாளிக்கு ஸ்டில்ஸ் நோய் முற்றியிருந்தது. சிறுவயதிலேயே ஆரம்பித்து மூட்டுகளை இறுக்கிவிடும் வாத நோய் அது. தாடை மூட்டையும் கழுத்து மூட்டையும்கூட விடாது. மர்ஃபிக்கு அன்று கிடைத்த கருவி எது தெரியுமா? பித்தக் குழாய்க்குள் கல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகச் செய்த கருவி! பித்தத்துக்காகச் செய்தது மூச்சுக்கு உதவியது. பித்தக் கல்லுக்காகப் போன எனக்கு அது வாயைத் திறக்காமலே வழி காட்டியது. கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

பாஸ்டனில் 1846-ல் ஈதர் கொடுத்து எல்லோர் முன்னிலையிலும் வலியில்லாமல் ஆபரேஷன் செய்து காட்டினார்கள். அடுத்த வருஷமே கல்கத்தாவுக்கும் ஈதர் வந்துவிட்டது. 1889 வாக்கில் ஹைதராபாத்தில் ரூபா பாய் ஃபர்துன்ஜி என்ற பெண்மணி குளோரோஃபார்ம் கொடுக்கும் மருத்துவராக இருந்திருக்கிறார். உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர் என்று அவரைச் சொல்கிறார்கள். 1981-ல் லண்டன் டாக்டர் ஆர்ச்சி பிரெய்ன், குரல்வளைக்கு மேல் கிண்ணம் மாதிரி உட்காரும் ஒரு மாஸ்க்கை உருவாக்கினார். ஆனால் அதை உள்ளே வைக்கவும் வாய் கொஞ்சமாவது திறக்க வேண்டும்.

வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்கிறார்களே, அதைப் பல் பரிசோதனை என்றுதான் நான் நினைத்திருந்தேன். உள்நாக்கு எவ்வளவு தெரிகிறது என்று பார்த்து, குழாய் வைப்பது சுலபமா, கஷ்டமா என்று முன்கூட்டியே ஊகிக்கும் முறையாம் அது. ஆந்திராவில் பிறந்து பாஸ்டனில் பணியாற்றிய டாக்டர் சேஷகிரி மல்லம்பட்டி 1985-ல் எழுதிய முறை. உலகம் முழுவதும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. அந்த நிமிஷத்தில் கூச்சப்பட்டு அரை வாய் திறந்தேனே, அந்த முட்டாள்தனத்தை என்னவென்று சொல்ல!

வெற்றிலைப் பெட்டியும் குழந்தையின் தாவாக்கட்டையும்

தாடை மூட்டு மட்டும்தான் வாயைப் பூட்டும் என்றில்லை. எங்களுக்குப் பக்கத்திலேயே சோழவந்தான். வெற்றிலைக்குப் பேர்போன ஊர். என் மாமியாருக்குச் சாப்பாடு இல்லாவிட்டாலும் வெற்றிலை பாக்கு வேண்டும். வருஷக் கணக்காகப் பாக்கு மெல்லுகிறவர்களுக்குக் கன்னத்தின் உள்தோல் வெளுத்து, நார் நாராக இறுகி, வாய் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிவிடலாம். காரம் பட்டால் எரிவது இதன் ஆரம்ப அடையாளம். இதிலும் குற்றவாளி பாக்குதான், வெற்றிலை அல்ல. 1952-ல் ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவர் இந்த நோயை எழுதிவைத்தபோது அவர் பார்த்த நோயாளிகள் ஐந்து பேரும் கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள். கடல் தாண்டிப் போன இடத்திலும் பாக்குப் பழக்கம் கூடவே போயிருக்கிறது! இப்படி இறுகின வாயும் மயக்க மருந்துக்குத் தளராது. பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் வெளியிட்ட நூலில் தெளிவாகவே அறிவித்துவிட்டது. வயசானவர்களின் வெற்றிலைப் பெட்டியை நாம் பிடுங்க முடியாது. ஆனால் பாக்குப் பொட்டலத்தோடு நிற்கும் நம் பிள்ளைகளைக் கேட்கலாம் அல்லவா?

இளம் தாய்மார்களுக்கு ஒன்று. குழந்தை படியில் தடுக்கித் தாவாக்கட்டை அடிபட விழுந்தால், நாம் என்ன செய்கிறோம்? தாடையில் கிழிந்த இடத்தில் தையல் போட்டு, ஊசி போட்டுக்கொண்டு வந்துவிடுகிறோம். அடி பட்டது தாடையில், ஆனால் அந்த அதிர்ச்சி போய்ச் சேருவது காதுக்கு முன்னாலுள்ள மூட்டில். அங்கே எலும்பு விட்டிருந்தால் வெளியே தெரியாது. கவனிக்காமல் விட்டால் மூட்டு எலும்போடு எலும்பாக ஒட்டிக்கொள்ளலாம். வாய் திறக்காது, தாடை வளராமல் முகம் சிறுத்துப்போகும், தூக்கத்தில் குறட்டையும் மூச்சுத் திணறலும் வரும். நம் நாட்டில் குழந்தைகளுக்குத் தாடை மூட்டு ஒட்டிக்கொள்வதற்கு இப்படி விழுவதுதான் முக்கியக் காரணம். காதில் சீழ் வடிவதைக் கவனிக்காமல் விட்டாலும் சில சமயம் மூட்டு வரை போகும். ஆகவே, விழுந்த குழந்தை வாயைத் திறக்கச் சிரமப்பட்டாலோ, திறக்கும்போது தாடை ஒரு பக்கமாகக் கோணிப் போனாலோ, தையலோடு நிறுத்தாமல் தாடை நிபுணரிடம் காட்டிவிடுங்கள்.

கர்ப்பிணிகளுக்கும் இது உண்டு. சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டால் போதும் என்று இருந்துவிடக் கூடாது. அவசரத்தில் முழு மயக்கம் தேவைப்படும் நிலையும் வரலாம். வாய் சரியாகத் திறக்காதவர்கள் வலி எடுத்த பிறகு சொல்லாமல், மாதாந்திரப் பரிசோதனையிலேயே சொல்லி வைப்பது நல்லது.

நீங்கள் செய்ய வேண்டியது

இப்போதே கண்ணாடி முன் நில்லுங்கள். உங்கள் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து, முன்பற்களுக்கு நடுவே நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். நுழைந்தால் நல்லது. இரண்டு விரல்தான் நுழைகிறது என்றால், வலி இல்லாவிட்டாலும் ஒரு பல் டாக்டரிடம் காட்டுங்கள். தாடைத் தொல்லைகளில் பெரும்பாலானவை ஆபரேஷன் இல்லாமலே, ஒத்தடம், மெதுவான உணவு, சொல்லிக்கொடுக்கும் பயிற்சி இவற்றாலேயே அடங்கிவிடும். நீங்களாகப் பலவந்தமாகத் திறக்க முயற்சி செய்யாதீர்கள்.

எந்த ஆபரேஷனுக்குப் போனாலும் மயக்க டாக்டரிடம் கேட்காமலே சொல்ல வேண்டியவை:

1. வாய் எவ்வளவு திறக்கும். சத்தம், வலி, பூட்டிக்கொள்வது உண்டா. சத்தம் இருந்து நின்றுபோனதா.

2. கொட்டாவி விடும்போதோ பல் பிடுங்கும்போதோ தாடை எப்போதாவது நழுவியிருக்கிறதா. குழாய் வைக்கும்போதும் தாடையைத் தூக்கும்போதும் மறுபடி நழுவலாம். ஆபரேஷன் முடிந்து வாய் மூட முடியாவிட்டால் உடனே நர்ஸிடம் சொல்ல வேண்டும். நாள் தள்ளினால் பொருத்துவது கஷ்டம்.

3. மூட்டுவாதம், கழுத்தை நிமிர்த்த முடியாமை, முகத்தில் பழைய அடி, முகத்துக்குக் கரண்ட் வைத்தியம் எடுத்தது.

4. பாக்கு, புகையிலைப் பழக்கம், ஆடும் பல், கழற்றும் பல், பலத்த குறட்டை.

5. முன்பு எப்போதாவது மயக்கம் கொடுத்தபோது சிரமம் ஏற்பட்டதா.

கூட்டம் இருந்தால், "டாக்டர், தனியாப் பேசணும்" என்று கேளுங்கள். யாரும் மறுக்கமாட்டார்கள். எனக்கு இந்த ஒரு வாக்கியம் அன்று வாயில் வரவில்லை.

இன்னொன்று. சிரமம் ஏற்பட்டிருந்தால், என்ன நடந்தது, எப்படிச் சமாளித்தார்கள் என்று ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு விபத்து என்று வேறு ஊரில் நினைவில்லாமல் கிடந்தால் நமக்காகப் பேசப்போவது அந்தக் காகிதம்தான். என்னுடையது ஆதார் கார்டு வைத்திருக்கும் பையிலேயே இருக்கிறது. மகள் தன் செல்ஃபோனிலும் படம் பிடித்து வைத்திருக்கிறாள்.

அந்த வரன் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அது தட்டிப்போயிற்று, என் தாடையால் அல்ல, ஜாதகத்தால். அடுத்த வருஷம் நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து வேறொரு வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். தட்டில் முறுக்கு வைத்தோம். மாப்பிள்ளையின் அம்மா, "நீங்களும் எடுங்க சம்பந்தி" என்றார். பழைய பழக்கத்தில் ஏதோ சாக்குச் சொல்ல வாயெடுத்தேன். பிறகு நிறுத்திக்கொண்டு, "எனக்குத் தாவாக்கட்டை சரியாத் திறக்காதுங்க. ஒடிச்சு ஒடிச்சுத்தான் சாப்பிடணும்" என்று உள்ளதைச் சொன்னேன். என் மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அந்த அம்மா தன் காதுப்பக்கம் கையை வைத்துக்கொண்டு, "அட, எனக்கும் கொட்டாவி விட்டா 'டக்'குன்னு கேக்குதுங்க. யார்கிட்டச் சொல்றதுன்னுதான் தெரியல" என்றார்.

"மூணு விரல் நுழையுதான்னு பாருங்க" என்றேன்.

முறுக்குத் தட்டுக்கு முன்னால் இரண்டு சம்பந்திகளும் வாயில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து என் மகள் உள்ளே போய்ச் சிரித்தாளாம். சிரிக்கட்டும். அவருக்கு மூன்று விரலும் நுழைந்தது.